டேக் பிய்க்காத ஜாக்கெட்

அந்த ஜாக்கெட்டின் இடது கையோரத்தில் விலைச்சீட்டு தொங்கியது. நான் அதைப் பிய்க்கவில்லை. உள்பக்கமாக மடித்து, ஒரு துண்டுத் துணியில் சுற்றி, சின்ன ஊக்கால் உள்தையலோடு சேர்த்துக் குத்திவிட்டேன். துணியில் குத்தினால் ஓட்டை தெரியும், தையலில் குத்தினால் தெரியாது. 18,490 ரூபாய் என்று அச்சடித்திருந்த அந்தச் சீட்டோடுதான் உத்தராகண்டில் கேதார்காந்தா மலை ஏறி இறங்கினேன். சென்னைக்கு வந்த மூன்றாம் நாள் ஜாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன், பணமும் திரும்ப வந்தது.

தையலில் குத்துகிற வித்தை தொழில் கற்றுக்கொடுத்தது. கோடம்பாக்கத்தில் ஆறு வருடம் காஸ்ட்யூம் அசிஸ்டென்டாக இருந்தேன். சின்ன பட்ஜெட் படத்தில் ஹீரோவின் நண்பனுக்கும் வில்லனின் மச்சானுக்கும் புதுத்துணி தைக்கக் காசு வராது. பெரிய கடையில் வாங்க வேண்டும், டேக்கை மறைத்து வைத்து ஷூட்டிங்கை முடிக்க வேண்டும், அயர்ன் பண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு படத்தில் மகன் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுகிற காட்சி. அவன் பின்கழுத்திலிருந்து டேக் எட்டிப் பார்த்திருக்கிறது. எடிட்டிங் மேசையில்தான் கண்டுபிடித்தார்கள். அன்று நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு என் கையில் டேக் வெளியே தெரிந்ததே இல்லை. கேதார்காந்தா உச்சி வரைக்கும்.

சினிமாவை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது நான் அறிவுரை சொல்கிறவள். மலைக்குப் போகிற நண்பர்கள் சாமான் வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். டவுன் ஜாக்கெட்டுக்குள் இருப்பது வாத்தின் நெஞ்சில் இறகுக்கு அடியில் வளர்கிற தூவி, உயிரோடு பிடித்துப் பிய்க்கிற பண்ணைகளும் உண்டு, 2014இல் 'ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்' என்று ஒரு சான்று வந்திருக்கிறது, அந்த முத்திரை இல்லாததைத் தொடாதே என்பேன். மழைத்தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதே என்று மயங்காதே, அந்தப் பூச்சில் பிஎஃப்ஏஎஸ் என்கிற ரசாயனம் இருக்கலாம், அது லேசில் அழியாது என்பேன். 2015இல் கிரீன்பீஸ்காரர்கள் ஆள் அரவமில்லாத மலைகளுக்குப் போய்ப் பனியை அள்ளிச் சோதித்தார்கள், அங்கேயும் அந்த நஞ்சு இருந்தது. இதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன், எடுபடும்.

தோல் பூட்ஸ் வாங்கக் கிளம்பிய ஒரு தோழியைப் பாலாற்றுக் கதை சொல்லி நிறுத்தியிருக்கிறேன். வேலூர் மாவட்டத்து டேனரிகள், கழிவு கலந்த கிணறுகள், 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று முக்கால் மணி நேரம். அவள் வாங்கிய தோலில்லாத பூட்ஸ் முதல் மழையிலேயே அடி பிரிந்து வாயைப் பிளந்தது. உற்றுப் பார்த்தால் அது முழுக்க பிளாஸ்டிக். அதையும் ஒரு பாடமாக அடுத்த ஆளிடம் சொன்னேனே தவிர, அவளிடம் மன்னிப்புக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நான் ஓதிய மந்திரம் ஒன்று உண்டு: வாங்காதே, வாடகைக்கு எடு. 2011இல், அமெரிக்காவே கடைக்கு ஓடுகிற தள்ளுபடி நாளில், தன் ஜாக்கெட்டையே வாங்க வேண்டாமென்று படகோனியா கம்பெனி நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. நான் அதைத் திருவிளையாடல் போலச் சொல்வேன்.

வாடகைக்கு எடுக்க வழியில்லாமலும் இல்லை. கேதார்காந்தாவுக்கு அடிவாரம் சாங்க்ரி என்கிற கிராமம். டேராடூனிலிருந்து வண்டியில் ஒரு பகல் பொழுது. அங்கே ஜாக்கெட், பூட்ஸ், பனி வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டுகிற முள் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். முந்தைய வருடம் அதே கிராமம் வழியாக ஹர் கி தூன் போனபோது ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். காலரில் யாருடைய கடுகெண்ணெயோ, கையில் பழைய வியர்வை. கழற்றி வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் என் மந்திரத்துக்கும் பங்கம் வரவில்லை.

அதனால்தான் கடை ஜாக்கெட். இந்தத் தடவை நான் போட்டுக்கொண்ட கணக்கைச் சொல்லவே கூசுகிறது. முப்பது நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று கடையே சொல்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டால் நான் எதையும் வாங்கவில்லை. வாங்கவில்லையென்றால் பூமிக்கு என்னால் பாரமில்லை. பயன்படுத்தாத பொருளைத்தான் திருப்பி எடுப்போம் என்று பில்லின் பின்பக்கம் போட்டிருந்த வரியை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஊக்கை எடுத்தேன்.

பனிமலை ஆசையை எனக்குள் போட்டது சினிமா. யஷ் சோப்ராவின் 'சாந்தினி' 1989இல் வந்தது. பக்கத்து வீட்டு டெக்கில் கேசட் போட்டுப் பார்த்தோம். சுவிட்சர்லாந்துப் பனியில் ஸ்ரீதேவி ஷிஃபான் சேலையில் நிற்பார். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது, அதனால் சேலையை மட்டும் பார்த்தோம். பிறகு 1992இல் 'ரோஜா'. அந்தக் காஷ்மீரில் ஒரு பகுதி மணாலிப் பக்கம் எடுத்தது என்று பல வருடம் கழித்துத் தொழிலுக்கு வந்தபோது தெரிந்துகொண்டேன். காஷ்மீரில் போய்ப் படம் எடுக்கக்கூடிய நாட்கள் அல்ல அவை.

அதே மணாலிக்கு நானும் ஒரு பாட்டுக்காகப் போனேன். படம் ஓடவில்லை, பெயர் வேண்டாம். ஹீரோவுக்கு உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதன்மேல் லெதர் கோட், கழுத்தில் மஃப்ளர். ஹீரோயினுக்கு மஞ்சள் ஜார்ஜெட் சேலை. பாட்டு வரி அப்படி. என் வேலை, கேமராவுக்கு இந்தப்பக்கம் கம்பளிச் சால்வையை விரித்துப் பிடித்தபடி நிற்பது. 'கட்' என்ற சத்தம் காதில் விழுவதற்குள் ஓடிப்போய் அவர்மேல் போர்த்த வேண்டும், வெந்நீர்ப் பையை வயிற்றில் வைக்க வேண்டும். என்னிடம் இரண்டு சால்வைகள் இருந்தன. ஒன்று ஹீரோயினுக்கு. இன்னொன்று அது நனைந்தால் மாற்ற. பின்னால் பன்னிரண்டு பெண்கள் பாவாடை தாவணியில் ஆடினார்கள். இரண்டு ஷாட்டுக்கு நடுவில் அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக நிற்பார்கள். அந்த இரண்டாவது சால்வை மூன்று நாளும் நனையவே இல்லை. என் தோளில்தான் கிடந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கேதார்காந்தா வழியில் ஒரு பையன் கேட்டபோதும் சொல்லவில்லை.

எங்கள் குழுவோடு வந்த போர்ட்டர் அவன். வயது 19. சாங்க்ரிக்குக் கொஞ்சம் மேலே உள்ள ஊர். என் பையை அவன் முதுகில் ஏற்றிவிட்டு நான் ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு நடந்தேன். அவன் காலில் ரப்பர் கம்பூட்ஸ், மேலே கட்டம் போட்ட ஸ்வெட்டர், அதற்கு மேலே ஒன்றுமில்லை. மதராஸி என்று தெரிந்ததும் நெருங்கி வந்துவிட்டான். தெற்கத்திப் படங்களின் இந்தி டப்பிங் எல்லாம் யூடியூபில் அவனுக்கு மனப்பாடம். அல்லு அர்ஜுன் மாதிரி தாடியைப் புறங்கையால் தடவிக் காட்டினான், தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. ரஜினிகாந்த் துவாராஹாட் பக்கம் பாபாஜி குகைக்கு வந்து போவாரே, நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா என்றான். ஒருதடவை ஏவிஎம்மில் தூரத்திலிருந்து என்றேன். அதற்கே வாய் பிளந்தான்.

நான் சினிமாவில் இருந்தவள் என்று தெரிந்த பிறகு கேள்விக்கு முடிவே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே நானும் கதை விட்டேன். அம்மாவைக் கட்டிப்பிடித்த மகனின் டேக் கதையைச் சொன்னபோது பையோடு சரிந்து விழுகிற மாதிரி சிரித்தான். அப்படியானால் ஹீரோ போடுகிற கோட்டெல்லாம் திரும்பக் கடைக்குப் போய்விடுமா என்றான். ஹீரோவுடையது போகாது, மற்றவர்களுடையது போகும் என்றேன்.

ஜூடா கா தாலாப் குளம் பாதி உறைந்து கிடந்தது. அதன் கரையில் பையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான்:

"பனியில சேலை கட்டிக்கிட்டு ஆடறாங்களே, குளிராதா தீதி?"

"குளிரும். ஷாட் முடிஞ்சதும் சால்வை போத்திவிடுவாங்க. நானே போத்தியிருக்கேன்."

"பின்னாடி ஆடறவங்களுக்கும் குடுப்பீங்களா?"

"குடுப்போம்" என்றேன்.

அன்றைக்கு அவன் என் ஜாக்கெட்டையும் தொட்டுப் பார்த்தான். வாத்துத் தூவியா என்றான். ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். என் ஓட்டை இந்தியில் அந்தச் சான்றிதழை விளக்கினேன்: இந்த வாத்தை உயிரோடு பிய்க்கவில்லை, இரையைக் குழாயில் திணிக்கவில்லை, கண்டிப்பாகச் சோதித்துத்தான் முத்திரை தருகிறார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "அந்த வாத்து இப்ப உயிரோட இருக்கா?" என்றான். இல்லை, அது கறிக்குப் போயிருக்கும் என்றேன். அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது, அவர்கள் வீட்டிலும் கோழி வளர்க்கிறார்கள்.

மறுநாள் மேல் முகாம். சாயங்காலத்திலிருந்து பனியும் மழையும் கலந்து கொட்டியது. சமையலுக்கு எதையோ கொண்டுவர அவனைக் கீழே அனுப்பியிருந்தார்கள். எட்டு மணிக்குத் திரும்பினான், ஸ்வெட்டர் பிழிந்தால் சொட்டும். ராத்திரி மைனஸ் எட்டுக்குப் போகும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். அவரே என் கூடாரத்து ஜிப்பைப் பாதி திறந்து கேட்டார்: "தீதி, பையனோட ஸ்வெட்டர் நனைஞ்சு போச்சு. காயற வரைக்கும் ராத்திரிக்கு உங்க ஜாக்கெட்டைக் கொஞ்சம் குடுப்பீங்களா? உங்களுக்குத்தான் ஸ்லீப்பிங் பேக் இருக்கே."

அப்போது ஜாக்கெட் என் உடம்பில்கூட இல்லை. வியர்வை படக்கூடாதென்று மடித்து, பாலிதீன் கவரில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தேன். நான் ஸ்லீப்பிங் பேக்குக்குள் கழுத்து வரை இருந்தேன், உள்ளே ஃப்ளீஸ் வேறு. அந்த ஃப்ளீஸையாவது கழற்றிக் கொடுத்திருக்கலாம். அது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை, ஜாக்கெட்டை எப்படிக் காப்பாற்றுவது என்பதிலேயே புத்தி நின்றது. போர்ட்டர்கள் படுப்பது சமையல் கூடாரத்தில். அங்கே மண்ணெண்ணெய் அடுப்பு, வெங்காயம் தாளித்த புகை, மஞ்சள் பிசுக்கு. தூவி ஒருதடவை வாடையைப் பிடித்தால் விடாது. கவுன்ட்டரில் இருக்கிறவர் மோந்து பார்ப்பார்.

"எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், விரலில் கருவியை மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்த்தார், பாராசிட்டமால் கொடுத்தார். அவர் போன பிறகு அந்த மாத்திரையைப் பையின் ஓரத்தில் போட்டேன். சமையல் கூடாரத்திலிருந்து கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ சாக்கை உதறுகிற சத்தம். ஒரு இருமல். பிறகு காற்று மட்டும். எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இதைச் சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலத்துக்கு அர்த்தமில்லை. புரண்டு புரண்டு படுக்கவில்லை, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

விடிகாலை இரண்டரை மணிக்கு ஜிப்பைத் திறந்து சுடுதண்ணீர் டம்ளரை நீட்டியது அவன்தான். அதே ஸ்வெட்டர், முழுக்கக் காயவில்லை, கைப்பக்கம் விறைத்து அட்டை மாதிரி நின்றது.

"காய்ச்சல் விட்டுருச்சா தீதி?"

விட்டுவிட்டது என்றேன். இன்றைக்கு உங்கள் சின்னப் பையையும் நானே தூக்கிக்கொள்கிறேன், நீங்கள் வெறுங்கையோடு வாருங்கள் என்றான். தூக்கினான்.

12,500 அடி உச்சிக்கு வெளிச்சம் வருகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மேகம் துப்புரவாக விலகியிருந்தது. அதுதான் ஸ்வர்க்காரோஹிணி, தருமர் சொர்க்கத்துக்கு ஏறிப்போன வழி என்று வழிகாட்டி கை காட்டினார். சாங்க்ரியிலிருந்து கூடவே வந்த கறுப்பு நாய் ஒன்று எங்கள் காலடியில் சுருண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வெயில் ஏறியதும் ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டோம். பையன் என் பக்கத்தில் வந்து, தயங்கி, ஜாக்கெட்டைக் காட்டினான். போட்டுக்கொண்டு ஷாருக்கான் மாதிரி ஒரே ஒரு போட்டோ. முந்தின ராத்திரி கேட்டது வழிகாட்டி, இவனாக ஒன்றும் கேட்கவில்லை. இவனாகக் கேட்டது இதுதான். ஐந்து நிமிடம், நல்ல வெயில், அடுப்புப் புகை இல்லை, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மனதோடு கழற்றிக் கொடுத்தேன். ஊக்கு ஞாபகம் வந்தபோது அவன் இடது கையை நுழைத்துவிட்டிருந்தான்.

கை பாதியில் சிக்கியது. அவன் உள்ளே தள்ளினான். துணிப் பொட்டலம் பனியில் விழுந்தது, அதன் பின்னால் சீட்டு மணிக்கட்டுப் பக்கம் வந்து தொங்கியது. அவன் குனிந்து துணியை எடுத்தான். விரித்து ஊக்கைப் பார்த்தான். சீட்டைத் திருப்பி விலையைப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமோ கேலியோ இல்லை, தெரிந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்:

"ஷூட்டிங்கா, தீதி?"

நான் செல்போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அவன் ஓரடி பின்னால் போய், முகவாயைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு கையையும் அகல விரித்தான். எடுத்தேன். உடனே கழற்றி, தூசி தட்டி, சீட்டைப் பழையபடி உள்ளே மடித்து, அந்த ஊக்கையும் பத்திரமாக என் உள்ளங்கையில் வைத்தான். இறங்குகிற வழியெல்லாம் சினிமாவைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. அது என் மீதான வருத்தமா, இருமலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாங்க்ரியில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு டிப்ஸ் கொடுத்தேன். எண்ணாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, படத்தை அனுப்பச் சொல்லி என் எண்ணை வாங்கிக்கொண்டான்.

கடையில் நான் பயந்த மாதிரியே காலரை மோந்து பார்த்தார்கள். யூஸ் பண்ணீங்களா மேடம் என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். வீட்டில் ஒருதடவை போட்டுப் பார்த்தேன், தோள் பிடிக்கிறது என்றேன். அவர் ஒவ்வொரு பாக்கெட்டாகக் கைவிட்டுத் துழாவி, கடைசிப் பாக்கெட்டிலிருந்து ஒரு மாங்காய் மிட்டாய்க் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் மிட்டாய் சாப்பிடுவதில்லை. என் பெண்ணுடையது என்றேன். நாலாம் நாள் பணம் கணக்கில் ஏறியது. அந்த வாரமே ஸ்லீப்பிங் பேக் வாங்கப்போன ஒருவருக்கு வாத்துத் தூவியைப் பற்றி நீளமாக எழுதி அனுப்பினேன். வார்த்தை தடுமாறவே இல்லை.

அந்தப் பையனிடமிருந்து வாட்ஸப் வந்துகொண்டிருந்தது. வணக்கம் தீதி, போட்டோ. இரண்டு நாள் கழித்து, தீதி, போட்டோ. பிறகு ஒரு கும்பிடு மட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் பனிமலைகள், நீல வானம், நடுவில் அவன், ஹீரோவேதான். விரித்த இடது கையின் மணிக்கட்டிலிருந்து வெள்ளைச் சீட்டு காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது. எடிட்டிங் மேசைக்கு வராமலே தெரிகிற டேக். அவன் இதை ஊர் முழுக்கக் காட்டுவான், ஸ்டேட்டஸில் வைப்பான், வழிகாட்டி பார்ப்பார்.

பதினோராம் நாள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துவிட்டு அனுப்பினேன்.

உடனே பார்த்துவிட்டான். கொஞ்ச நேரம் டைப் பண்ணுவதும் நிறுத்துவதுமாக இருந்தான். பிறகு வந்தது:

"சூப்பர் தீதி. என் கை எங்கே?"